டோகோவை வளர்த்தவர்

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வெண்கல நாயொன்று நிற்கிறது. பெயர் பால்டோ. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து அதன் முதுகு மெருகேறிப் போயிருக்கிறது. 1925 டிசம்பரில் சிலை திறக்கப்பட்டபோது பால்டோவும் அங்கே நேரில் இருந்தது. ஆனால் அதை வளர்த்தவருக்கு அந்தச் சிலை நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது. நாம் இங்கு நினைவுகூர விரும்புவது அந்த மனிதரை: லியன்ஹார்ட் செப்பலா.

வட நார்வேயில், க்வென் எனப்படும் பின்னிய வழிச் சமூகத்தில், 1877 இல் பிறந்தவர். தந்தை மீனவர், கொல்லுப் பட்டறையும் வைத்திருந்தார். தங்க மோகம் உலகெங்கும் ஆட்களை இழுத்த 1900 ஆம் ஆண்டில், நண்பர் லிண்டெபெர்கின் அழைப்பை ஏற்று அலாஸ்காவின் நோம் நகருக்கு வந்து அவருடைய சுரங்க நிறுவனத்தில் வேலைக்கமர்ந்தார். தங்கத்தைவிட அவரை மாற்றியவை நாய்கள்தாம். வட துருவப் பயணம் போகவிருந்த அமுண்ட்செனுக்குப் பரிசாகத் தர எண்ணி, லிண்டெபெர்க் சைபீரிய நாய்க்குட்டிகளை 1913 இல் செப்பலாவிடம் ஒப்படைத்துப் பழக்கச் சொன்னார். அமுண்ட்சென் பயணத்தைக் கைவிட்டார். குட்டிகள் செப்பலாவிடமே தங்கிவிட்டன.

மறு ஆண்டு 408 மைல் பந்தயம் ஒன்றில் அவசரப்பட்டுக் கலந்துகொண்டார். பனிப்புயலில் வழி தவறிக் கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்புவரை வண்டி போய்விட்டது. நாய்களின் பாதங்கள் கிழிந்தன. பழியைத் தம் அனுபவக்குறைவின் மேல் மட்டுமே போட்டுக்கொண்டு பாதியில் விலகினார். பிறகு 1915, 1916, 1917 என மூன்றாண்டும் அதே பந்தயத்தில் வென்றார். அந்த முதல் தோல்வியே அவரை உருவாக்கியது என்பது நமது எண்ணம்.

டோகோவின் கதைக்கு வருவோம். நோஞ்சானாகப் பிறந்த குட்டி அது. தொண்டை வீங்கிக் கிடந்ததை மனைவி கான்ஸ்டன்ஸ்தான் பார்த்துப் பார்த்துத் தேற்றினார். வண்டிக்கு உதவாது என்று கணித்த செப்பலா, ஆறு மாதமானதும் வீட்டுநாயாக வளர்க்கக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டார். சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அது பழைய வீட்டுக்கே ஓடி வந்தது. எட்டு மாதத்தில், வண்டியைத் துரத்தி வந்து மற்ற நாய்களைச் சீண்டிய தொல்லை தாங்காமல் வாரில் பூட்டியபோது, முதல் நாளே 75 மைல் ஓடி வரிசையின் முன்னுக்கு வந்து நின்றது. நாய் வளர்ப்பில் கைதேர்ந்தவரின் கணக்கு தப்பியதுதான் அவருடைய வாழ்வின் பெரும்பேறாயிற்று.

1925 சனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகள் இறந்தார்கள். மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. மீதி 674 மைலை இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றிக் கடக்க வேண்டும். செப்பலாவின் ஒரே மகள் சீக்ரிட் அந்த ஊரில்தான் இருந்தாள், வயது எட்டு. மருந்துக்காகப் புறப்பட்ட தகப்பனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விவரிக்கத் தேவையில்லை. அப்போது பன்னிரண்டு வயதாகிவிட்ட டோகோவை முன்னிறுத்தி, எதிரே 170 மைல் போய், மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். சுற்றிவரும் கரைவழியை விட்டு, எந்நேரமும் பிளந்து கடலுக்குள் மிதந்துபோகக்கூடிய நார்ட்டன் விரிகுடாவின் பனிப்பரப்பை இருளிலும் சூறைக்காற்றிலும் குறுக்கே கடந்தார். மருந்தோடு மட்டும் 91 மைல். வேறெவரும் அவ்வளவு தூரம் ஓட்டவில்லை.

கடைசிக் கட்டத்தை ஓட்டி பிப்ரவரி 2 அன்று நோமுக்குள் நுழைந்தவர் குன்னர் கோசன். அவருடைய முன்னணி நாய் பால்டோ. அதுவும் செப்பலாவின் கொட்டிலில் வளர்ந்ததே. சரக்கு இழுக்க மட்டுமே ஆகும் என்று அவரே காயடித்து வைத்திருந்த நாய். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. கோசனும் கடும்புயலில்தான் ஓட்டிவந்தார். பால்டோவின் பங்கும் சிறிதன்று. என்றாலும் செப்பலாவின் மனத்தாங்கலைப் பொறாமை என்று தள்ள நம்மால் முடியவில்லை. தமக்கு வராத புகழை அவர் பொறுத்துக்கொண்டார். டோகோவுக்கு வராததைத்தான் பொறுக்க முடியவில்லை. (டோகோ என்னவோ, வீடு திரும்பும் வழியில் கலைமானைக் கண்டதும் வாரை அறுத்துக்கொண்டு ஓடிப்போய், பிறகுதான் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது!)

பின்னர் டோகோவுடன் அமெரிக்காவெங்கும் சுற்றினார். மேடிசன் சதுக்க அரங்கில் டோகோவுக்குத் தங்கப்பதக்கம் அணிவித்தவர் அமுண்ட்சென். முன்பு அந்தக் குட்டிகளைப் பெறவிருந்த அதே அமுண்ட்சென். மெய்ன் மாநிலத்தின் போலந்து ஸ்பிரிங்கில் எலிசபெத் ரிக்கருடன் சேர்ந்து செப்பலா கொட்டில் ஒன்றை அமைத்தார். கிழவனாகிவிட்ட டோகோவை மறுபடி அலாஸ்காவின் குளிருக்கு இழுத்துச்செல்ல மனமின்றி, ரிக்கரின் பராமரிப்பிலேயே விட்டுவிட்டு வந்தார். 1929 டிசம்பரில், பார்வை மங்கி மூட்டுகள் இறுகிப்போன டோகோவுக்கு வலியில்லா முடிவு தரப்பட்டது.

காயடிக்கப்பட்ட பால்டோவுக்கு வாரிசில்லை. இன்றைய சைபீரியன் ஹஸ்கிகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளி செப்பலாவின் கொட்டிலைத் தொடாமல் போவதில்லை. டோகோவின் இரத்தமும் அதிலுண்டு. டோகோவுக்கும் நியூயார்க்கில், சீவர்ட் பூங்காவில், 2001 இல் ஒரு சிறிய சிலை வைத்தார்கள். செப்பலா அதைக் காணவில்லை. அவர் 1967 சனவரியில் சியாட்டிலில், தம் 89 ஆம் வயதில் காலமானார். சாம்பலை, அவர் நாய்களோடு ஓடிய இடிடராட் தடத்தில் தூவினார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் கான்ஸ்டன்ஸின் சாம்பலும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.