அபர்லவர்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே ஸ்பே ஆற்றங்கரையில் இருக்கிறது அபர்லவர் என்னும் சிற்றூர். பெயரின் முற்பாதியான 'அபர்', நீரோடை ஒன்று பெரிய ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடத்தைக் குறிக்கும். கூடுதுறை என்று நாம் சொல்வது போலத்தான். இது கேலிக் மொழிச் சொல் அன்று; கேலிக் பரவுமுன் அந்நிலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின் சொல். தொலைவில் உள்ள வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்திலும் இதே சொல்லைக் காணலாம். கேலிக் மொழியில் இதற்கு இணை 'இன்வர்'. இன்வர்னஸ் அப்படி வந்த பெயர். ஆகவே ஸ்காட்லாந்து வரைபடத்தில் 'அபர்' என்று தொடங்கும் ஊர்கள் பலவும், மறைந்துபோன ஒரு மொழிக்குச் சாட்சி. எழுத்தாக அதிகம் எஞ்சாத மொழிக்கு இது பெரும் பேறு.

பிற்பாதி, ஊரருகே ஸ்பேயில் கலக்கும் லவர் ஓடை. உரக்கப் பேசுதல் என்னும் பொருளுள்ள கேலிக் சொல்லோடு அதை அறிஞர் இணைக்கின்றனர். சலசலக்கும் ஓடையின் கூடுதுறை என்பது முழுப்பொருள்.

இவ்வூர் அடங்கிய திருச்சபைப் பங்கின் பழைய பெயர் ஸ்கர்டஸ்டன். 'ஸ்கீர்' என்றால் பங்கு. அதனுடன் தொடக்ககாலக் கிறித்தவத் துறவி புனித டிராஸ்டனின் பெயர் சேர்ந்தது. அவர் பெயரில் ஒரு கிணறும் அங்கே உண்டு.

1812இல் சார்லஸ் கிராண்ட் என்னும் நிலக்கிழார் இன்றைய ஊரைத் திட்டமிட்டு அமைத்தார். அதன் முறையான பெயர் சார்லஸ்டவுன் ஆஃப் அபர்லவர். ஆயினும் பேச்சில் அபர்லவர் என்பதே வழக்கு.