தேன் ஏல்: வரலாறும் சுவை மதிப்பீடும்

தேன் ஏல் என்பது முளைகட்டிய பார்லி (மால்ட்), ஹாப் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவற்றுடன் தேனும் சேர்த்து நொதிக்கவைக்கும் பியர் வகை. தேன் சேர்ந்த பானம் இனிக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் தேனிலுள்ள குளுக்கோஸ், ஃபுருக்டோஸ் ஆகிய சர்க்கரைகளை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதுமாக ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது இனிப்பு அல்ல, மணம் மட்டுமே. அந்த மணம் உண்மையில் தேனிலிருந்துதான் வந்ததா என்பதே இந்த பியரை மதிப்பிடுவோரின் முதன்மையான கேள்வி. பியரில் தேன் உரிய பொருளா, கலப்படமா என்ற கேள்வி வரலாற்றிலும் நெடுங்காலம் இருந்தது.

பண்டைய சான்றுகள்

தேனும் தானியமும் சேர்ந்த பானம் மிகப் பழையது. துருக்கியில் உள்ள கோர்டியன் என்னும் பண்டைய நகரில் 1957-இல் ரோட்னி யங் தலைமையிலான பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு ஓர் அரச கல்லறையைத் தோண்டியது. அது கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே 150-க்கும் மேற்பட்ட வெண்கலப் பாத்திரங்கள் கிடைத்தன. அவற்றில் ஒட்டியிருந்த படிவுகளைப் பிற்காலத்தில் பாட்ரிக் மெக்கவர்ன் வேதியியல் முறையில் ஆராய்ந்தார். தேன், திராட்சை, பார்லி ஆகிய மூன்றின் தடயங்களும் அதில் இருந்தன.

இடைக்கால பிரிட்டனில் ஏலும் தேனும் கலந்த பானம் பிராகட் எனப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் கான்டர்பரி கதைகளில் இப்பெயர் வருகிறது.

தடையும் விலக்கும்

1516-இல் பவேரியாவில் வெளியான ஆணை, பார்லி, ஹாப், தண்ணீர் ஆகிய மூன்றைக் கொண்டு மட்டுமே பியர் தயாரிக்க வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் தேனுக்கு இடமில்லை.

இங்கிலாந்தில் தடைக்கு வரியும் ஒரு காரணம். அரசு மால்ட்டுக்கு வரி வசூலித்தது. மால்ட்டைக் குறைத்து மலிவான வேறு பொருளைச் சேர்த்தால் அரசின் வருவாய் குறையும். அதோடு நச்சுப் பொருள்களைக் கலப்பவர்களும் இருந்தனர். 1816-ஆம் ஆண்டுச் சட்டம் பியர் ஆலைகள் வைத்திருக்கக் கூடாத பொருள்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அபின், கந்தக அமிலம் போன்றவற்றோடு ஒரே வரிசையில் தேனும் இடம்பெற்றது. 1820-இல் வேதியியலாளர் ஃபிரெடரிக் ஆக்கம் உணவுக் கலப்படம் பற்றி எழுதிய நூல், பியர் கலப்படத்தைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

1847-இல் சர்க்கரை சேர்க்க அனுமதி கிடைத்தது. 1880-இல் கிளாட்ஸ்டன் அரசு மால்ட் வரியை நீக்கி, தயாராகும் பியருக்கே வரி விதித்தது. அதன் பிறகு எதைக் கொண்டு சர்க்கரைச் சத்தைப் பெறுவது என்பது ஆலையின் விருப்பமானது.

வெள்ளை மாளிகையின் தேன் ஏல்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோதும் வீட்டில் பியர் தயாரிப்பது சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே அதற்கு வழிவிட்டது. இன்றைய சிறு ஆலை பியர்களைத் தொடங்கியோரில் பலர் வீட்டுத் தயாரிப்பில் பழகியவர்கள்.

2009-இல் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைக்கப்பட்டது. அந்தத் தேனைச் சேர்த்து அதன் சமையற்கூடத்தில் ஏல் தயாரித்தனர். 2011-இல் அது விருந்தினருக்குப் பரிமாறப்பட்டது. பொதுமக்கள் செய்முறையைக் கேட்டு மனு அளித்ததை அடுத்து, 2012 செப்டம்பர் 1 அன்று அது வெளியிடப்பட்டது.

செய்முறையில் ஏறக்குறைய 3 கிலோ மால்ட் பாகு, 450 கிராம் உலர் மால்ட் தூள், சிறிதளவு கிரிஸ்டல், பிஸ்கட் மால்ட்டுகள் உள்ளன. தேன் 450 கிராம் மட்டுமே. கென்ட் கோல்டிங்ஸ், ஃபகிள் ஆகிய ஹாப்புகள் இங்கிலாந்துக்கு உரியவை. சேர்க்கப்படும் ஜிப்சம், பேல் ஏலுக்குப் பெயர்பெற்ற பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரின் தன்மையைத் தண்ணீருக்குத் தருகிறது. ஆகவே இது அடிப்படையில் தேன் சேர்ந்த ஆங்கிலேயப் பேல் ஏல். 1816 சட்டம் நடப்பிலிருந்த இங்கிலாந்து ஆலை ஒன்றில் இதைத் தயாரித்திருந்தால் அது குற்றமாகியிருக்கும்.

சுவைத்து மதிப்பிடுதல்

1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 50 மதிப்பெண் முறையைப் பின்பற்றுகிறது. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10 என மதிப்பெண்கள் பிரிகின்றன. தேன் ஏல் இதில் மாற்றுச் சர்க்கரை பியர் என்ற பிரிவில் அடங்கும். தேன் மேலோங்கிய பிராகட் மட்டும் தேன்மது வகையில் சேர்க்கப்படுகிறது.

மதிப்பிடும்போது முதலில் மணம் பார்க்கப்படுகிறது. பியர் மிகவும் குளிர்ந்திருந்தால் மணம் அடங்கிவிடும். நல்ல தேன் ஏலில் மெல்லிய பூ மணம் எழும். பக்வீட் தேன் அடர்ந்த மணமும், ஆரஞ்சுப் பூத் தேன் இலேசான மணமும் தரும். நெடுநேரம் கொதித்தால் தேனின் மணம் ஆவியாகிவிடும் என்பதால் பெரும்பாலும் கொதியின் இறுதியிலோ அதன் பின்னரோ தேன் சேர்க்கப்படுகிறது.

அடுத்தது சுவை. தேனின் சர்க்கரை முழுவதும் நொதிப்பதால் பியரின் உடல் இலேசாகி, விழுங்கியபின் நாக்கில் இனிப்பு தங்காமல் வறட்சியாக முடியும். ஹாப்பின் கசப்பு அதனால் சற்றுத் தூக்கலாகத் தெரியும். கசப்பு தேன் மணத்தை மூடிவிட்டால் பியர் சமநிலை இழந்ததாகக் கருதப்படும்.

போலித் தேன் மணம்

தேன் இல்லாமலும் தேன் மணம் தோன்றலாம். ஹனி மால்ட் என்ற பெயரில் விற்கும் வறுத்த பார்லியில் தேன் கிடையாது. இனிப்பு மட்டுமே உண்டு. நொதித்தலின்போது உருவாகும் 2,3-பென்டேன்டயோன் என்ற சேர்மமும் தேனை நினைவூட்டும். மூன்றாவது காரணம் பழமை. ஆக்சிஜன் பட்டுக் கெட்டுவரும் பியரிலும் தேன் போன்ற மணம் எழும்.

இவற்றைப் பிரித்தறிய ஒரே அடையாளத்தை நம்புவது போதாது. பூ மணமும் வறண்ட முடிவும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் தேன். மணத்தோடு கனத்த இனிப்பும் இருந்தால் மால்ட்டைச் சந்தேகிக்கலாம். வெள்ளை மாளிகை ஏலிலும் நாக்கில் படும் இனிப்பு பெரும்பாலும் கிரிஸ்டல் மால்ட்டின் பங்கே. நனைந்த அட்டைப் பெட்டி வாடையும் கூட வந்தால் பியர் பழையது. ஆகவே இனிப்பை வைத்துத் தேனைத் தேடுபவருக்கு மால்ட்டும் பழமையும் தேனாகத் தோன்றும். நல்ல தேன் ஏலில் தேனே இல்லை என்றும் தோன்றக்கூடும்.