கதை இலாகாவும் கலைமணியும்: கொத்தமங்கலம் சுப்புவின் பல்துறைப் பணிகளும் இலக்கிய வரலாறும்

நடுவண் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளுக்குரிய பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அதில் அசோகமித்திரனின் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. ஜெமினி ஸ்டுடியோவில் தாம் பணியாற்றிய காலத்தை நினைவுகூர்ந்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் ஒரு பகுதி அது. அக்கட்டுரையின் வழியே, தமிழ் அறியாத மாணவர் பலரும் கொத்தமங்கலம் சுப்பு என்னும் பெயரை அறிந்தனர். எஸ்.எஸ்.வாசனின் நிறுவனத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். எந்தச் சிக்கலுக்கும் நொடியில் வழி சொல்பவர். முதலாளியின் மனத்தைத் தம் மனமாக்கிக்கொண்டவர் என்று அதில் அவர் காட்சி தருகிறார். அவருடைய கவிதையையும் புதினத்தையும் அசோகமித்திரன் மதிப்புடன் குறிப்பிட்டு, திரைத்துறை வெற்றி அவற்றை மறைத்துவிட்டது என்றும் சொல்கிறார். எனினும் தேர்வு எழுதும் மாணவர் நினைவில் எஞ்சுவது அலுவலகச் சித்திரமே. தமிழ்த்துறைகள் அவருக்குத் தந்துள்ள இடமும் இதனினும் பெரிதன்று. இருபதாம் நூற்றாண்டுப் புனைகதை வரலாறுகளில் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற ஒரு பெயருடன் அவர் கடந்து செல்லப்படுகிறார்.

இதற்குக் காரணம் அவருடைய எழுத்தின் தரம் மட்டும்தானா என்பது ஆராயத்தக்கது. நடிகர், பாடலாசிரியர், உரையாடலாசிரியர், இயக்குநர், வில்லிசைக் கலைஞர், புதின ஆசிரியர் எனப் பல நிலைகளில் இயங்கிய ஒருவரின் ஆக்கங்கள் வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் சிதறிக் கிடக்கும்போது, ஆசிரியன் என்ற ஒற்றை அலகைக் கொண்டு எழுதப்படும் இலக்கிய வரலாறு அவரை எங்ஙனம் கைக்கொள்ளும் என்பதே அடிப்படை வினா.

கதை இலாகா

சுப்பு 1910 நவம்பர் 10 அன்று பிறந்தார். செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்தில் வாழ்ந்து, அங்கு நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றதால் அவ்வூர்ப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1930களின் தமிழ்ப் பேசும்படம் மேடை நாடகத்தின் நீட்சியாகவே இருந்தது. பாடவும், நடிக்கவும், வேண்டும்போது பாட்டுக் கட்டவும் தெரிந்தவர்க்கே அதில் வாழ்வு இருந்தது. இன்று ‘பல்துறை ஆற்றல்’ என வியந்து கூறப்படுவது அந்நாளில் நாடகக்காரரின் அன்றாடத் தகுதி. சுப்புவை வியப்புக்குரிய விதிவிலக்காகக் கருதாமல், அம்மரபின் இறுதிக் கண்ணிகளில் ஒருவராகக் கருதுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

‘நந்தனார்’ (1942) படத்துக்குப் பாபநாசம் சிவனுடன் இணைந்து அவர் பாடல் எழுதினார். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்த அப்படத்தில், கருநாடக இசையில் ஊறிய சிவனின் சாகித்தியமும் சுப்புவின் பேச்சுவழக்கு சார்ந்த பாட்டும் அருகருகே நிற்கின்றன. ‘தாசி அபரஞ்சி’யில் (1944) நகைச்சுவை வேடம் ஏற்றார். பின்னர் அவர் மனைவியான எம்.எஸ்.சுந்தரிபாய் அதிலும் நடித்திருந்தார். இரண்டாம் உலகப்போர்ச் சூழலில் உருவான ‘கண்ணம்மா என் காதலி’யை (1945) இயக்கினார். இவற்றுள் இறுதியானதை நீண்டு விளக்க வேண்டுவதில்லை. போர்க்காலப் பிரசாரத் தேவை அதன் உருவத்தை முன்னரே தீர்மானித்துவிட்டது.

‘மிஸ் மாலினி’ (1947) அவ்வாறானதன்று. கதை ஆர்.கே.நாராயணுடையது. இயக்கம், உரையாடல், பாடல், சம்பத் என்னும் முதன்மை வேடம் ஆகியவை சுப்புவுடையவை. நாணயமற்றவன், ஆயினும் வெறுக்க முடியாதவன். பணம் இல்லாமலே பெரும் திட்டங்களை நடத்திக்காட்டும் சென்னை நகரத்துப் புதுமனிதன் சம்பத். பங்கீட்டுக் கடைக்கும் விறகுக்கும் அல்லற்பட்ட போர்க்காலத்து நடுத்தரக் குடும்பத்தின் காலைப்பொழுதைச் சுப்பு அப்படத்தில் பாட்டாக்கினார். சென்னை நகர வாழ்க்கையின் சமூக வரலாற்றை எழுதுவோர்க்கு அப்பாட்டு ஒரு சான்றாவணம். படம் பாராட்டுப் பெற்றது, பொருள் ஈட்டவில்லை. நாராயணின் ‘மிஸ்டர் சம்பத்’ புதினம் 1949இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1952இல் வாசன் இக்கதையை இந்தியில் எடுத்தபோது மோதிலால் சம்பத்தாக நடித்தார். ஒரே பாத்திரம் ஆங்கிலப் புதினத்தில் நாராயணுடையதாகவும், இந்தித் திரையில் மோதிலாலுடையதாகவும் அறியப்பட, அதற்கு முதலில் உடலும் குரலும் கொடுத்த தமிழர் அவ்விரு வட்டங்களிலும் பேசப்படவில்லை.

இந்நிலையை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ‘சந்திரலேகா’ (1948). அதன் கதைக்கு உரிமை ஒரு தனியாளுடையதன்று. ஜெமினி கதை இலாகாவுக்கு உரியது. கே.ஜே.மகாதேவன், சுப்பு, சங்கு, நைனா, கிட்டு ஆகியோர் அவ்விலாகாவினர். மாதச் சம்பளம் பெறும் எழுத்தாளர் குழு ஒன்று வட்டமாக அமர்ந்து காட்சிகளை உருவாக்குவதும், முதலாளி ஏற்பவை நிற்பதும் ஏனையவை உதிர்வதும் அங்கு நடைமுறை. பாடல்களில் பாபநாசம் சிவனுக்கும் சுப்புவுக்கும் பங்குண்டு. அப்படம் அதே ஆண்டில் இந்திக்குச் சென்றபோது காட்சி சென்றது, முரசு நடனம் சென்றது, சர்க்கஸ் சென்றது, சொல் செல்லவில்லை. இந்தியில் பாட்டு எழுதுவோர் வேறு. ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னுக்கும் (1958) அதன் இந்தி வடிவமான ‘ராஜ் திலக்’குக்கும் இதுவே பொருந்தும். பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடும் போட்டி நடனத்துக்குச் சுப்பு எழுதி, பி.லீலாவும் ஜிக்கியும் பாடிய பாட்டு, தமிழில் இரு பெண்களின் சொற்போராகவே அமைந்திருக்கிறது. அனைத்திந்தியப் படத்தொழில் பெருகப் பெருக, மொழியால் வாழும் கலைஞனின் பங்கு கண்ணுக்குத் தெரியாததாகிறது என்பதற்கு ஜெமினியின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு.

‘ஔவையார்’ (1953) அவர் இயக்கிய படங்களுள் பேர்பெற்றது. கே.பி.சுந்தராம்பாளின் குரலே அப்படத்தின் உயிர். வெவ்வேறு காலத்து ஔவையாரைப் பற்றிய கதைகளை ஒருவரின் வாழ்க்கையாகக் கோத்தது வரலாற்றுக்கு ஒவ்வாது என்பர் ஆய்வாளர். ஆயின் மக்கள் வழக்கில் ஔவை என்றும் ஒருத்தியாகவே வாழ்ந்து வந்திருக்கிறாள். சுப்பு பின்பற்றியது வாய்மொழி வழக்கையே.

வில்லும் வார இதழும்

அவ்வாய்மொழி நாட்டத்தின் முழுமையான வெளிப்பாடு ‘காந்தி மகான் கதை’. ஆனந்த விகடனில் வெளிவந்து, வில்லிசையாகவும் நிகழ்த்தப்பட்ட ஆக்கம் அது. இதனைக் கூறும்போது பெயர் மயக்கம் ஒன்றையும் நீக்க வேண்டும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நிகழ்த்திய காந்தி வில்லுப்பாட்டை எழுதியவர் சுப்பு ஆறுமுகம். கொத்தமங்கலம் சுப்பு வேறொருவர். இருவரும் ஒரே பொருளை ஒரே கலைவடிவில் கையாண்டமையால் ஒருவர் ஆக்கத்தை மற்றவர்மேல் ஏற்றிக் கூறுதல் எளிதில் நேரக்கூடியது.

வில்லுப்பாட்டின் தாயகம் நெல்லையும் நாஞ்சில் நாடும். அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில், வில்லும் வீசுகோலும் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் கொண்டு இரவு முழுதும் நிகழ்த்தப்படுவது. முதன்மைப் பாடகர் கதையை எடுத்துச் சொல்ல, உடனிருப்போர் ஆமாம் போட்டும் வினவியும் அதை முன்னே நகர்த்துவர். அக்கதைகளில் ஒரு பெரும் பிரிவு கொலையுண்டு தெய்வமானவரைப் பற்றியது. முத்துப்பட்டன் கதை அவ்வகையினது. 1948 சனவரி 30க்குப் பின், சுடப்பட்டு இறந்த ஒரு முதியவரின் கதையைப் பாட நேர்ந்தபோது, தமிழ் மரபில் அதற்குரிய அச்சு ஏற்கெனவே இருந்தது. காந்தியின் கதை வில்லில் எளிதாக ஏறியமைக்கு விடுதலை இயக்கத்தின் பரப்புரைத் தேவையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. அகால மரணம் எய்தியவரை வழிபடும் மரபே அதற்கு வழிசெய்தது எனலாம். தென்மாவட்டக் கொடை விழாவுக்குப் பிறப்பால் உரியவரல்லாத சுப்பு அவ்வடிவத்தை ஏற்றுக்கொண்டதும், நாட்டுப்புறச் சொல்லை வார இதழின் அச்சுப் பக்கத்துக்குக் கொண்டுவந்ததும் நாட்டார் வழக்காற்றியலார் தனியே ஆராய வேண்டியவை.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. சுப்பு அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னர், 1974 பிப்ரவரி 15 அன்று மறைந்தார். பாடி, நடித்து, கதை சொல்லும் அவர்போன்ற ஒருவர்க்கு மிகவும் ஏற்ற ஊடகம் அவர் காலத்தில் வரவில்லை. வார இதழின் தொடர்கதையே அவருக்குத் தொடர்நாடகமாக இருந்தது.

கலைமணி

‘தில்லானா மோகனாம்பாள்’ 1957-58இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் கலைமணி, ஓவியம் கோபுலு. விகடனும் ஜெமினியும் வாசனுக்கே உரியவை. ஆகவே, முதலாளிக்குத் தம்மை முற்றும் கொடுத்துவிட்டவர் என்னும் மதிப்பீட்டைச் சற்றுத் திருத்திக் காண வேண்டியுள்ளது. கதை இலாகாவில் கூட்டுப் பெயருக்குள் கரைந்தவர், அதே முதலாளியின் இதழில் ஒரு புனைபெயரைச் சூடிக்கொண்டு, எவருடனும் பகிராத தம் உலகத்தை எழுதினார். விடுதலை கிடைத்த இடமும் அதே வீட்டின் மற்றோர் அறைதான்.

அப்புதினத்தின் பொருள் பெரிய மேளத்துக்கும் சின்ன மேளத்துக்கும் இடையிலான உறவு. நாகசுரம், தவில், ஒத்து, தாளம் சேர்ந்தது பெரிய மேளம். சதிராட்டக் குழு சின்ன மேளம். இரண்டும் கோயிலையும் இசைவேளாளர் குடும்பங்களையும் சார்ந்து வளர்ந்தவை. சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் திருவாரூர் மோகனாம்பாளுக்கும் இடையில் எழும் காதல், ‘யார் வித்தை பெரிது’ என்னும் பூசலாகவே தொடங்குகிறது. தம்மைப் பெருந்தனக்காரருக்கு ஒப்படைக்க எண்ணும் தாய் வடிவாம்பாளுடன் மோகனா நடத்தும் போராட்டம் கதையின் மறுபக்கம்.

இப்புதினம் எழுதப்பட்ட காலம் கருதத்தக்கது. சதிர் 1930களில் பரதநாட்டியம் என்னும் புதுப்பெயருடன் நகர மேடைக்கு வந்துவிட்டது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து, மேல்தட்டு மகளிரின் அரங்கேற்றங்கள் பெருகிய நாளில், அக்கலையைப் பரம்பரையாகக் காத்த வீடுகளின் பேச்சு, பெருமிதம், கடன், தரகு, அச்சம் ஆகியவற்றைச் சுப்பு வாரந்தோறும் எழுதினார். சீர்திருத்த நோக்குடைய புதினங்களில் தாசி இரங்கத்தக்கவளாகவோ மயக்குபவளாகவோ வருவாள். மோகனா இரண்டும் அல்லள். தன் தொழிலில் தேர்ந்த ஒருத்தி. தில்லானா என்பதும் இங்குப் பெயரளவில் நிற்கவில்லை. ஆடலின் இறுதிப் பகுதியாகிய அதன் தாள நெருக்கடியே இருவரின் பூசலுக்கும் இணைவுக்கும் களமாகிறது.

குறைகளும் உண்டு. வாரத் தொடரின் தேவைக்கேற்பக் கடத்தலும் சூழ்ச்சியும் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. தாய்மார்களை எழுதும்போது ஆசிரியரின் பரிவு சுருங்குகிறது. வடிவாம்பாளின் பேராசைக்குப் பின்னாலிருந்த பொருளாதார நெருக்கடி, கோயில் மானியமும் புரவலர் ஆதரவும் ஒருசேர அற்றுப்போன நிலை, கதையில் தெளிவாக எழவில்லை. மாறாகத் துணைமாந்தர் எழுச்சியுடன் வாழ்கின்றனர். சவடால் வைத்தி ‘மிஸ் மாலினி’யின் சம்பத்துக்குத் தூரத்து உறவினன்; சம்பத்தை நடித்தவரின் கையெழுத்து வைத்தியின் ஒவ்வொரு வாய்ப்பேச்சிலும் தெரிகிறது. ஜில்ஜில் ரமாமணியை நாடகக் கொட்டகையை உள்ளிருந்து கண்டவரன்றிப் பிறர் எழுதியிருத்தல் அரிது.

1968இல் ஏ.பி.நாகராசன் இப்புதினத்தைப் படமாக்கினார். சிவாஜி கணேசன், பத்மினி, நாகேஷ், மனோரமா, டி.எஸ்.பாலையா ஆகியோர் நடித்தனர். நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இசை கே.வி.மகாதேவன். பாடல் கண்ணதாசனுடையது. கால் நூற்றாண்டு திரைப்பாடல் எழுதியவரின் கதை படமானபோது, பாட்டு மற்றொரு கவிஞருக்குச் சென்றது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. அவருடைய ‘ராவ்பகதூர் சிங்காரம்’ புதினமும் ‘விளையாட்டுப் பிள்ளை’ (1970) என்னும் படமாயிற்று. 1971இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

படம் பெற்ற புகழ் புதினத்தை மீண்டும் மறைத்தது. மோகனாம்பாள் என்றதும் பத்மினியின் முகமே நினைவுக்கு வருமாறு இரண்டு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. கோபுலு வரைந்த மோகனாவை அறிந்தோர் அருகிவிட்டனர். தொடர்கதை, படம் ஆகிய இரண்டையும் எதிரெதிர் வைத்து ஒப்பிடும் ஆய்வு, மாந்தர் எண்ணிக்கை குறைந்ததைக் கணக்கிடுவதோடு நில்லாமல், திரை விட்டுவிட்ட இசைவேளாளர் வாழ்க்கைச் செய்திகள் எவையெவை எனத் தொகுத்தால், அது நாகசுர மரபின் வரலாற்றுக்கே பயன்படும். ‘பந்தநல்லூர் பாமா’ உள்ளிட்ட ஏனைய புதினங்கள் அத்தகைய வாசிப்பைத் தொடங்குவதற்கும் காத்திருக்கின்றன.