கதண்டுக் கூடும் கொடுக்கு நஞ்சு ஒவ்வாமையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பனைகளிலும் தென்னைகளிலும் கூடு கட்டும் பெருங்குளவி கதண்டு. வெஸ்பா பேரினத்தைச் சேர்ந்தது. கரிய உடல், வயிற்றில் மஞ்சள் பட்டை. மரநாரை மென்று எச்சிலில் குழைத்துக் காகிதம் போன்ற கூட்டைச் செய்கிறது. செய்தித்தாள்களில் ‘விஷ வண்டு’ என்று வருவது பெரும்பாலும் இதுவே. இங்கே மூங்கிலையும் உத்திரத்தையும் துளைக்கும் தச்சுத்தேனீ, பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. அஞ்ச வேண்டியது கதண்டுக்கே.

தேனீயின் கொடுக்கு தோலில் தைத்து நின்றுவிடும். கதண்டின் கொடுக்கு வழவழப்பானது. ஒன்றே பலமுறை கொட்டும். அடித்து நசுக்கினால் வெளிப்படும் வாடை மற்றவற்றையும் வரவழைக்கும். ஏராளமாகக் கொட்டுப்பட்டால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிறுநீரகம் செயலிழக்கலாம். நூறு நாள் வேலைக்குப் புதர் வெட்டுவோர், மரமேறிகள், ஆடு மேய்ப்போர் முதலில் மேலே பார்த்துவிட்டு வேலை தொடங்குவது நல்லது.

ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். முன்பு கொட்டியபோது உடல் உருவாக்கி வைத்த எதிர்ப்பொருள் அடுத்த கொட்டில் உடல் முழுவதையும் கலக்கிவிடுகிறது. உடலெங்கும் தடிப்பு, நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவை சில நிமிடங்களில் தோன்றலாம். சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. அவில் போன்ற மாத்திரை அரிப்பைத் தணிக்கும், அடைபடும் மூச்சுக்குழலைத் திறக்காது. மருந்து அட்ரினலின் ஒன்றே; பெரியவர்களுக்கு 0.5 மி.கி. அளவில் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார்கள், தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்துக்குப் பின் மீண்டும் போடுவார்கள். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, ஊசி போடக்கூடிய மிக அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையும், விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை கொட்டுப்பட்டவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், நடக்கவிடக் கூடாது. தேறிய பிறகும் சில மணி நேரத்தில் அறிகுறிகள் திரும்பலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை.

கூட்டை அகற்றும் வேலை தீயணைப்பு மீட்புப் பணித் துறையினருடையது, எண் 101. கதண்டுகள் கூடு திரும்பி அடங்கிய இரவில் வந்து அழிப்பார்கள். ஒவ்வாமை உள்ளவர் அப்போது டார்ச் பிடிக்கவோ ஏணி தாங்கவோ நிற்கக் கூடாது. அந்த இரவு உறவினர் வீட்டில் தங்கிவிடலாம். துறையினர் வரும்வரை கூட்டுக்கடியில் குப்பை எரிப்பதும் பட்டாசு வெடிப்பதும் பிள்ளைகள் கல்லெறிவதும் கூடாது. கதண்டு துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவுள்ள இடத்துக்குள் புகுந்துவிட வேண்டும். கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை உண்பவர்களுக்கு அட்ரினலின் முழுப்பலன் தராமல் போகலாம். ஒவ்வாமை உள்ளவர் இதை மருத்துவரிடம் முன்பே பேசி, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.