தம்பானூர்க் காப்பி ஹவுஸும் நம் வழிப்பயணமும்

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கங்களிலிருந்து தலைநகருக்குச் செல்லும் தமிழன்பர் பலரும் தம்பானூரில்தான் இறங்குவர். அங்கே புகைவண்டி நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அண்மையில், சுருண்டு மேலேறும் செங்கற் கோபுரம் போல் நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸை அறியாதார் இலர். அதைக் குறித்துச் சிறிது எழுதப் புகுந்தேன். யான் சரித்திரப் புலவன் அல்லேன். புகைவண்டி இலாகாவில் ஒரு குமாஸ்தா. தம்பானூருக்கு 1931-இலேயே நிலையம் வந்துவிட்டது. நம் பக்கத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1979-இல்தான். அதுவரை நமக்குச் சாலையே கதி.

வழிப்போக்கனுக்குச் சோறிடுவது இந்நாட்டுக்குப் புதியதன்று. திருவிதாங்கூர் மன்னர்கள் ஊட்டுப்புரைகள் பல நடத்தினர். பத்மநாபபுரம் அரண்மனையின் இரண்டடுக்கு ஊட்டுப்புரையில் ஒரே வேளையில் 2,000 பேர் உண்ணலாம் என்பர். (அவ்வரண்மனை 1956 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும், கேரளத் தொல்பொருள் துறையே அதைப் பேணி வருகிறது.) ஆயினும் ஊட்டுப்புரைகளில் இலை விரிக்கப்பட்டது பெரும்பாலும் அந்தணர்க்கே. வரி செலுத்திய ஏனையோர் கட்டுச்சோற்றை அவிழ்க்க மரநிழலைத் தேடினர். நம் வட்டாரத்து வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டியதே பெரும் போராட்டமாயிற்று என்றால், சாலையோரத்தில் சமமாய் அமர்ந்து உண்பதைப் பற்றிக் கேட்பானேன்! 1917-இல் செறாயியில் பல சாதியாரை ஒரே பந்தியில் இருத்திய சகோதரன் அய்யப்பனைத் தம் சாதிச் சபையாரே விலக்கி வைத்தனர்.

காப்பி ஹவுஸின் பிறப்பு வேறு வகையானது. காப்பி விற்பனையைப் பெருக்கும்பொருட்டு 1936-இல் பம்பாயில் முதற் கடை திறக்கப்பட்டது. 1950-களின் நடுவில் காப்பி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கிற்று. வேலையிழந்த ஊழியர்கள், ஏ.கே. கோபாலன் அவர்களின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே கடை நடத்த முன்வந்தனர். முதற் சங்கம் 1957-இல் பெங்களூரில் தோன்றியது. கேரளத்தின் முதற் கடை 1958-இல் திருச்சூரில் எழுந்தது. விசிறி மடிப்புத் தலைப்பாகை ஒருகாலத்தில் துரைமாரின் ஏவலாளுக்கு அடையாளம். இங்கே அதை அணிந்து பரிமாறுபவர் கடையின் பங்காளி. இம்மாற்றம் சிறிதன்று.

தம்பானூர்க் கட்டடத்தை வகுத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தையே தம் நாடாகக் கொண்டு, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். தனித்தனி மாடிகள் இல்லை. ஒரே சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. அதன் ஓரமாகவே மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. சுவரிலுள்ள துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் தாராளமாய் வருகின்றன. இன்னாருக்கு இந்த அறை என்று ஒதுக்கி வைக்க அங்கே இடமே கிடையாது.

இரவு வேலை முடிந்து அங்கே நுழையும்போதெல்லாம், பின் மேசையில் தமிழும் முன் மேசையில் மலையாளமும் கேட்கும். இரண்டும் கலந்து பேசும் நம் எல்லைப்புறத்தாரும் இருப்பர். காலனிக் குடும்பங்களை அழைத்துச் சென்றால் மட்டும் ஒரு தொல்லை: மசால்தோசையைப் பிரித்ததும் உள்ளே பீட்ரூட் சிவப்பைக் கண்டு, இது என்ன கறி என்று நம் வீட்டுப் பெண்மணிகள் கேட்காமல் விடுவதில்லை.