சூரியப் புள்ளிகளும் நம் மழையும்



கன்னிப்பூவுக்கு விதை எடுக்கிற சமயத்திலே இராஜாக்கமங்கலம் பக்கத்துப் பெரியவர்கள் ஞாற்றுவேலைக் கணக்குச் சொல்லுவார்கள். சூரியன் இப்போது திருவாதிரையிலே நிற்கிறது, இன்ன மழை பெய்யும் என்பார்கள். கணக்கிலே பிழை கிடையாது. ஆனால் திருவாதிரை என்கிற அந்தச் செந்நட்சத்திரத்தின் வெளிச்சம் நம்மிடம் வந்துசேரவே பல நூறு வருஷம் ஆகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து அது மழையை அனுப்புவதில்லை. ரோட்டோரத்து மைல்கல் மாதிரி, மழைக்காலம் நெருங்கிவிட்டது என்று அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். கடல் நீரை ஆவியாக்கி மேலே தூக்குவது நமக்குப் பக்கத்திலே உள்ள நட்சத்திரம், அதாவது சூரியன்.

அப்படியானால் சூரியனைப் பார்த்தே மழையை முன்கூட்டிச் சொல்லிவிடலாமே? வெள்ளைக்காரர் காலத்திலே இந்தக் கேள்வியைப் பெரிய மனிதர்களே கேட்டார்கள். கேட்க வைத்தது பஞ்சம். 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் சொல்லுகிறார்களே, அது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரோடு இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் மதராஸ் ராஜதானி. அங்கேயும் மைசூர், ஹைதராபாத், பம்பாய்ப் பக்கத்திலும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டுபோனார்கள்.

சூரியனின் முகத்திலே கரும்புள்ளிகள் தோன்றும். சுமார் 11 வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறையும். 1843-ல் ஷ்வாபே என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது இது. பஞ்ச வருஷத்திலே புள்ளிகள் மிகக் குறைவு. 1877-ல் ஹண்டர் என்கிற அதிகாரி மதராஸின் பழைய மழைக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, புள்ளி குறைந்தால் மழையும் குறைகிறது என்று எழுதினார். சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்பே அறியலாம் என்ற நம்பிக்கை பரவியது. அதன் விளைவுதான் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையம். 1893-ல் லண்டனிலே முடிவாகி, 1899-ல் நிறுவப்பட்டது. மலை உயரம் 7,000 அடிக்கு மேல், தூசு இல்லாத காற்று. 1901-ல் வேலை ஆரம்பம்.

அங்கே என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறேன். மழைத்துளி வெயிலை வானவில்லாகப் பிரிக்கிறது அல்லவா? கண்ணாடிப் பட்டகமும் அப்படித்தான் பிரிக்கும். பிரிந்த நிறங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் சூரியனில் உள்ள ஒரு பொருளின் கையெழுத்து. இரும்புக்கு ஒரு வரிசை, சுண்ணாம்பிலே உள்ள கால்சியத்துக்கு ஒரு வரிசை. ஏணி வைத்து ஏறாமலே சூரியனில் என்ன இருக்கிறதென்று இப்படித்தான் படித்தார்கள்.

இன்னொரு விசேஷம். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வரும்போது ஓசை கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தணியும். ஒளியும் அதே மாதிரிதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். 1909 ஜனவரி 5-ஆம் தேதி கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் ஓரங்களை இப்படி ஆராய்ந்தார். வாயு புள்ளியின் நடுவிலிருந்து நாலா பக்கமும் வெளியே ஓடுகிறது என்று கண்டார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர்.

புள்ளி உண்மையிலே கறுப்பு அல்ல. சுற்றிலும் 5,500 டிகிரி கொதிக்க, அந்த இடம் மட்டும் 4,000 டிகிரி அளவிலே இருக்கிறது. நண்பகலிலே டார்ச் விளக்கு மங்கித் தெரிவது போலத்தான். பலமான காந்தசக்தி அந்த இடத்திலே வெப்பத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. புள்ளிகளிலே காந்தசக்தி இருப்பதை 1908-ல் அமெரிக்காவில் ஹேல் கண்டறிந்தார்.

சரி, மழை என்னாச்சு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புள்ளி கூடிக் குறைவதாலே சூரியன் தரும் மொத்த வெப்பம் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை வைத்துப் பருவமழையைக் கணிக்க முடியவில்லை. 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கணித அறிஞர். அவரும் புள்ளிகளையும் மழையையும் கூட்டிப் பெருக்கிப் பார்த்து, பொருத்தம் சொற்பம் என்று கண்டார். அந்தத் தேடலிலேயே, பசிபிக் கடலின் இரு கரைகளிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். கடல் சூடேறும் 'எல் நினோ' அதோடு சேர்ந்தது என்பது பிற்காலத்திலே தெரிந்தது. 1877-ல் அந்தக் கடல் கடுமையாகச் சூடேறியிருந்தது. தாது வருஷப் பஞ்சத்துக்கு முக்கிய காரணம் அது. தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே இருந்த அரசாங்கத்துக்கும் அதிலே பங்கு உண்டு, அதை மறைப்பானேன்.

கொடைக்கானலை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். 1904 முதல் நூறு வருஷத்துக்கு மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. இவ்வளவு நீண்ட தொடர் உலகத்திலே சில இடங்களில்தான் உண்டு.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. எல் நினோ வருஷத்திலே பொதுவாகத் தென்மேற்குப் பருவமழை சுருங்கும், ஆனால் வடகிழக்கு மழை பல தடவை தாராளமாகப் பெய்யும். ஆகவே செய்தியிலே அந்தப் பெயர் காதில் விழுந்தால், கன்னிப்பூவுக்கு ஒரு கணக்கும் கும்பப்பூவுக்கு வேறு கணக்கும் போட்டு வையுங்கள்.