வீவக வீட்டில் பூனை: உரிமம் வாங்கியாச்சு, ஜன்னல் அடைச்சாச்சா?

தேக்காவில் இருந்தாலும் சரி, சிராங்கூன் நார்த்தில் இருந்தாலும் சரி, வீவக வீட்டில் பூனை வளர்க்க 1989-இலிருந்து அனுமதி இல்லை. அந்தத் தடை 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி நீங்கியது. இனி ஒளித்து வளர்க்க வேண்டியதில்லை. ஆனா, பூனையைப் பத்திரமாக வைத்திருப்பது இப்போ உங்க பொறுப்பு.

விதிகள் என்ன?

• வீவக வீட்டில் அதிகபட்சம் 2 பூனைகள். அனுமதிக்கப்பட்ட இன நாய் ஒன்றையும் கூடவே வளர்க்கலாம்.
• தனியார் வீட்டில் பூனை, நாய் எல்லாம் சேர்த்து 3 வரை.
• மைக்ரோசிப், உரிமம் இரண்டும் கட்டாயம். விண்ணப்பம் விலங்குநல மருத்துவச் சேவையிடம். முதல்முறை உரிமம் எடுப்பவர்கள் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தை முடிக்க வேண்டும்.
• ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். அதற்குள் உரிமம் எடுத்தால், கூடுதலாக உள்ள பூனைகளையும் வைத்துக்கொள்ளலாம்.
• கருத்தடை கட்டாயமில்லை, ஆனா செய்வது நல்லது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் இலவசமாகச் செய்துதரும் திட்டம் உண்டு.

"பூனை நாலு காலில்தானே விழும்?"

விழும். ஆனா அடிபடாம விழும்னு அர்த்தமில்லை. மாடியிலிருந்து விழுந்து நியூயார்க் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. கேட்க நிம்மதியா இருக்கு, இல்லையா? ஆனா கீழே விழுந்த இடத்திலேயே இறந்த பூனைகள் மருத்துவமனைக்கே வந்திருக்காது. பிழைத்தவற்றிலும் நெஞ்சில் அடி, தாடை முறிவு, கால் முறிவு என நிறையவே இருந்தன.

பூனை வேண்டுமென்றே குதிப்பதில்லை. பறவையையோ பூச்சியையோ பார்த்துப் பாயும்போது கால் தவறிவிடும். நம்ம வெயிலுக்கு ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். சமையலறை ஜன்னல் வழியா மூங்கில் கம்பில் துணி காயப்போடும் அந்த ரெண்டு நிமிஷமும் ஆபத்துதான். அதனால:

• எல்லா ஜன்னலுக்கும் வலை போடுங்க. கழிவறையின் சின்ன ஜன்னலை மறந்துடாதீங்க.
• வாசல் இரும்புக் கதவுக்கும் வலை தேவை. தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும்.
• துணி காயப்போடும்போது பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்க.
• இதையெல்லாம் பூனை வருவதற்கு முன்பே செய்து முடிங்க.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

• வெங்காயம், பூண்டு: பூனையின் சிவப்பு ரத்த அணுக்களைச் சிதைக்கும். மீன் குழம்பில் ஊறிய மீனைக் கொடுக்காதீங்க. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துக் கொடுங்க.
• பெனடால்: ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். மனிதர்களுக்கான எந்த மாத்திரையும் வேண்டாம்.
• லில்லிப் பூ: மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம். பூங்கொத்தில் வரும் லில்லியைத்தான் சொல்கிறோம், குளத்து அல்லியை அல்ல. மல்லிகைக்குப் பயமில்லை.
• சூடம், அந்துருண்டை: இரண்டும் நச்சு. மூடி போட்ட டப்பாவில் வைங்க.
• பால்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. தண்ணீரே போதும்.

பூனை விழுந்துவிட்டாலோ எதையாவது தின்றுவிட்டாலோ, வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிட்டுப் போங்க. வீட்டிலேயே வாந்தி எடுக்க வைக்காதீங்க. இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றைக்கே கைப்பேசியில் சேமித்து வைங்க.